கடல் அடைபட்ட வருஷம்

எனக்குக் கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தபோது நான் கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். ஏழு வயதில், திருச்செந்தூரில், மொட்டையடித்த தலையில் சந்தனம் காய்ந்து இழுத்துக்கொண்டிருந்தபோது பார்த்தது. அது ஓயாமல் இரைந்தது என்பதைத் தவிர வேறொன்றும் நினைவில்லை. என் கணவர் தென்காசி ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தா. மூட்டைகளுக்கும் வேகன்களுக்கும் நடுவில் இருந்தவர்; கடல் அவருக்கும் தூரம்தான். எங்கள் குடும்பத்தில் கடலை அறிந்தவள் அவருடைய அக்கா ஒருத்திதான். எனக்கு அவள் மதினி. புருஷனோடு பத்து வருஷமாக ரங்கூனில் இருந்தாள்.

ரங்கூனில் குண்டு விழுந்தது என்று பேப்பரில் வந்ததற்கு அடுத்த தை மாதம், மதினி மட்டும் தனியாக வந்து இறங்கினாள். மெட்ராஸ் வரை கப்பல், அப்புறம் ரயில். ஒரு டிரங்குப் பெட்டி, கைலியில் பொதிந்து கட்டிய ஒரு தையல் மிஷினின் தலை, ஒரு சின்ன ஜாடி. மிஷினை விருதுநகரிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். “கால் அங்கனயே கெடக்கு. தலை இருந்தாப் போதும், காலை எந்தத் தச்சனும் செஞ்சிருவான்” என்றாள்.

அவள் புருஷன் வரவில்லை. நான் அவரை அண்ணாச்சி என்றுதான் சொல்வேன். கடையத்துக்காரர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். இருக்கிற சரக்கைத் தள்ளிவிட்டு அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லி மனைவியை முன்னால் அனுப்பியிருந்தார்.

மதினி வந்த ஒரு வாரத்துக்குள் எங்கள் தெருவே அவளைப் பற்றித்தான் பேசியது. வீட்டுக்குள் கைலி கட்டிக்கொண்டு நடப்பாள். ஏதோ மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் மஞ்சளாகப் பூசிக்கொள்வாள். சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்த ஜாடிக்குள் இருந்தது மீனை அழுகவைத்து இடித்த ஒரு விழுது. அவள் அதைத் திறந்த அன்று என் கணவர் பரணில் எலி செத்துக் கிடக்கிறது என்று ஏணி போட்டு ஏறித் தேடினார். நான் பொதுவாகப் பேசாதவள். மதினி வந்த பிறகு, நாள் முழுக்க ஒருவரோடு பேசிக்கொண்டிருக்க முடியும் என்பதையே அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

என் கணவர் ஸ்டேஷனில் வந்து போகிறவர்களிடம் கேட்டதையும் பேப்பரில் படித்ததையும் சேர்த்து, சாயங்காலம் சமையற்கட்டுத் தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி யுத்தத்தை எங்களுக்குக் காட்டுவார். இது ரங்கூன், இது சிங்கப்பூர், இது கொழும்பு, இந்தப் பக்கம் நம் மெட்ராஸ்.

“இந்தா பாரு அக்கா, இதுக்கு நடுவுல இருக்கதெல்லாம் தண்ணி. சிங்கப்பூரு ஜப்பான்காரன் கைக்குப் போச்சுன்னா இந்தத் தண்ணிக்குள்ள அவன் கப்பலு தாராளமா வந்துரும். ரங்கூனுக்குப் பின்னால பூரா மலை. ரோடு கெடையாது, ரயிலு கெடையாது. அரிசியா இருந்தாலும் ஆளா இருந்தாலும் பட்டாளமா இருந்தாலும் கடல் வழியாத்தான் வரணும், போகணும். கடலை அடைச்சிட்டான்னா ரங்கூனு தன்னால விழுந்துரும்.”

மதினி துடைப்பத்தை எடுத்து எல்லாவற்றையும் ஒரே வாரியாக வாரிவிட்டாள். “என் புருஷன் இருக்க ஊரப் புளியங்கொட்டையா வைக்காதலே.”

ஆனால் அவர் சொன்ன மாதிரிதான் நடந்தது. சிங்கப்பூர் மாசியில் விழுந்தது. மாசி முடிவதற்குள் ரங்கூனும் விழுந்தது. அண்ணாச்சி சொல்லிவிட்ட அடுத்த கப்பல் வரவே இல்லை. கடிதமும் நின்றது.

அப்புறம்தான் கடல் என்பது எங்கள் ஊர் அடுப்பு வரைக்கும் வந்திருந்த ஒன்று என்று எனக்குப் புரிந்தது. எங்களுக்குச் சிற்றாற்றுத் தண்ணீரில் விளைந்த நெல் இருந்தது. கூலிவேலை செய்கிறவர்கள் வாங்கித் தின்றது ரங்கூன் அரிசி. அது கடைகளிலிருந்து மறைந்தது. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் இன்னும் மோசம். அந்தச் சீமை பாதி ரங்கூன் அரிசியில்தான் பசியாறிக்கொண்டிருந்ததாம். எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் செங்கோட்டை, அப்போது மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து பெண்கள் வந்து வயிற்றில் அரிசியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இடுப்பைப் பிடித்தபடி எல்லையைத் தாண்டிப் போவார்கள். “இன்னைக்கு ஒன்பது மாசம் ஏழு பேரு போனாக” என்று என் கணவர் வீட்டில் வந்து சொல்வார். ஸ்டேஷனில் யாரும் அவர்களைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

பங்குனி முடிகிற சமயத்தில் கொழும்பில் குண்டு விழுந்தது. அதற்கு மறுநாள் நம் கரையிலேயே வடக்கே எங்கோ விழுந்தது. மெட்ராஸே காலியாகிறது என்றார்கள். விருதுநகர் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு ரயிலிலும் பெட்டி படுக்கையோடு குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். கடலுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்பது அவர்கள் கணக்கு. எல்லோரும் குற்றாலத்துக்குப் போனார்கள். சீசனில்கூட நான் அங்கே அவ்வளவு கூட்டம் பார்த்ததில்லை. பங்களாக்கள், சத்திரங்கள், மாட்டுக் கொட்டில்கள் எல்லாம் நிரம்பின. ஆனால் சித்திரையில் அருவி எங்கே இருக்கிறது? பாறையில் ஒரு நூல் மாதிரி தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரங்குகள் அதை நக்கிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் எங்கள் ஊர் ஏமாற்றிவிட்டது என்ற முகத்தோடு வெயிலில் நின்றார்கள்.

மதினிக்கு அதில் வேலை கிடைத்தது. விமானம் பார்த்துவிடும் என்று பயந்து, எல்லா பங்களாக்காரர்களும் ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடச் சொன்னார்கள். மிஷினுக்கு இதற்குள் தச்சர் ஒருவர் கால் செய்து கொடுத்திருந்தார். என் கணவரின் பெரியப்பா மகனுக்குக் குற்றாலத்தில் ஒரு சின்ன வீடு இருந்தது. அதன் முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டோம். காலையில் குதிரை வண்டியில் நானும் அவளும் போவோம், நான் ஓரம் மடித்துக் கொடுப்பேன், சாயங்காலம் திரும்புவோம். “இந்தக் குரங்குக மேல குண்டு போடவா அவன் அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வருவான்?” என்று கேட்டுக்கொண்டே மதினி கறுப்புத் துணியாகத் தைத்துத் தள்ளினாள்.

அப்போதுதான் ஒருநாள் கடையத்துக்காரர் வந்தார். அண்ணாச்சியின் கூட்டாளி. கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலே அழ ஆரம்பித்தார். மதினி வாசலுக்கு ஓடிவந்தாள்.

“உசுரோடதான் இருக்கான் தங்கச்சி, நான் பிரியையில உசுரோடதான் இருந்தான்” என்றார் அவர் அவசரமாக.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு மெல்லச் சொன்னார்.

“புரோம் வரைக்கும் ஒண்ணாத்தான் வந்தோம். அங்கன வழி ரெண்டாப் பிரியுது. மேக்க ஒரு மலையத் தாண்டுனா கடலு வந்துரும், அங்கன தோணி, சின்னக் கப்பலு ஏதாவது கெடைக்கும்னு சொன்னாக. வடக்க போனா மண்டலே. அதுக்கும் அங்கிட்டு மலைக்கு மேல மலை, அஸ்ஸாமு வரைக்கும் நடைதான். நான் கடலுக்குப் போவோம்னேன். அவன் கேக்கவே இல்ல. ‘கடலு இப்ப அவன் கையில இருக்கு. நடுக்கடல்ல வச்சு முக்கிருவான். மலையில கப்பலு வராது பாத்துக்கோ’ன்னான். சண்டை போட்டுப் பாத்தேன். கடைசியில இருந்த அவலை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சிக்கிட்டுப் பிரிஞ்சோம்.”

“உங்களுக்குத் தோணி கெடச்சிச்சா அண்ணே?”

“கெடச்சிச்சு” என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ தப்புச் செய்தவர் போல இருந்தது அவர் குரல். “கடைசிக் கடைசியா ஒண்ணு கெடச்சிச்சு. சிட்டகாங்கு வந்து, கல்கத்தா வந்து, ஊரு வந்து சேந்துட்டேன்.”

மதினி அவருக்குச் சோறு போட்டாள். அவர் போன பிறகு என்னிடம், “கடலை நம்புனவன் வந்துட்டான். இந்த மலைக்கு அடியில பொறந்தவன் மலையில மாட்டிக்கிட்டான்” என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு பயம். மழை. ரங்கூனில் பத்து மழைக்காலம் பார்த்தவள் அவள். அந்த மலைகளில் மழை தொடங்கிவிட்டால் பாதை என்று ஒன்று இருக்காது. சேறு, அட்டை, காய்ச்சல், பெருக்கெடுக்கிற ஆறுகள் என்று சொல்வாள். வைகாசியில் எங்களுக்கு மலைக் கணவாய் வழியாக மேல்காற்று வீசத் தொடங்கும்; பெரிய கோவில் வாசலில் போய் நின்றால் ஆளையே தள்ளும். அதே காற்றுதான் அங்கேயும் மழையைக் கொண்டுபோகும். “இங்க சாரல் பிந்துச்சுன்னா அங்கயும் பிந்தும்லா?” என்று தம்பியைக் கேட்டாள். அங்கே நமக்கு முன்னாலேயே தொடங்கிவிடும் என்று என் கணவருக்குத் தெரியும். எனக்கும் அவர் சொல்லியிருந்தார். அவளிடம், “பிந்தும் அக்கா” என்றார்.

ஊர் முழுக்கச் சாரல் எப்போது வரும் என்று மேற்கே பார்த்துக்கொண்டிருக்க, சாரல் வரக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தவள் மதினி ஒருத்திதான்.

காலையில் குற்றாலம் போவதற்கு முன் வண்டியை ஸ்டேஷனுக்கு விடச் சொல்வாள். கொல்லத்திலிருந்து வருகிற ரயில் அந்த நேரத்துக்குத்தான் வரும். மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்தால், ஆரியங்காவுக் குகையைத் தாண்டி வருகிற பெட்டிகளின் கூரை நனைந்திருக்கும். அவள் பிளாட்பாரத்துப் படியில் ஏறி நின்று கூரைகளைப் பார்ப்பாள். காய்ந்த தகரத்தில் கரியும் தூசியும் தெரிந்தால் முகம் தெளியும். “வா ஏட்டி, போவோம்” என்பாள்.

நாலைந்து நாளில் ரயிலின் கார்டு அவளைக் கவனித்துவிட்டார். புனலூர்ப் பக்கத்து மலையாளி, வெள்ளை மீசைக்காரர். இந்த அம்மாள் ஏன் தினமும் கூரையைப் பார்க்கிறாள் என்று என் கணவரிடம் கேட்டிருக்கிறார். இவர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே கார்டு பெட்டியின் ஜன்னலிலிருந்து பச்சைக் கொடியோடு பாதி உடம்பை வெளியே நீட்டி அவர் கத்தினார்: “மழயில்லா சேச்சீ!”

மதினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அதற்கு மறுநாளும் கத்தினார். அப்புறம் தினமும். பாயிண்ட்ஸ்மேன், டிக்கெட் வாங்குகிறவர், காப்பி விற்கிறவர் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மலை ரயில் வந்தால் முதலில் எல்லோரும் கார்டின் வாயைப் பார்ப்பார்கள்.

குற்றாலத்தில் அப்படி இல்லை. மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய வக்கீலின் மனைவி எங்களிடம் துணி தைக்கக் கொடுப்பாள். வக்கீலம்மா என்போம். பட்டுப் புடவை, வைரத்தோடு, எதையும் கட்டளை மாதிரியே சொல்கிற குரல். வைகாசி பாதியில் ஒருநாள் ஒரு பெரிய சிவப்புத் துணியைக் கொண்டுவந்து மிஷின் மேல் போட்டாள்.

“இதுல ஒரு விதானம் தைச்சுக் குடு. அருவிக்கரையில வருண ஜபம் பண்ணப் போறோம். இந்த வெயில் தாங்கலை. மழை வந்தாத்தான் ஆச்சு.”

மதினி துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “உங்களுக்கு எது வேணும்னாலும் தைச்சுத் தாரேன். இது மட்டும் என்னால முடியாது.”

“ஏன் முடியாது? துணி பத்தலையா?”

“மழை வேண்டாம்னு நான் தெனமும் சாமி கும்பிடுதேன் அம்மா. நானே எப்படி இதைத் தைப்பேன்?”

வக்கீலம்மாவுக்குக் கோபம் வந்தது. மழை வேண்டாம் என்று யாராவது சாமி கும்பிடுவார்களா, உனக்கென்ன பைத்தியமா என்றாள். மதினி மிஷின் சக்கரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் நான்தான் வாய் திறந்தேன். அண்ணாச்சி நடந்து வருவதையும், மலையையும், மழை அங்கே என்ன செய்யும் என்பதையும் சொன்னேன். அந்நியர் ஒருவரிடம் நான் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லி முடிக்கும்போது எனக்கே மூச்சு வாங்கியது.

வக்கீலம்மா சிவப்புத் துணியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போனாள். மறுநாள் அவர்கள் பங்களாவில் ஜபம் இல்லை என்று கேள்விப்பட்டோம். பக்கத்து பங்களாக்காரர்கள் தாங்களாகவே ஒன்று நடத்தினார்கள். வக்கீலம்மா அதற்குத் தாம்பூலம் வாங்கக்கூடப் போகவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் முன்னறைக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிவரச் செய்து, விசிறியோடு வந்து உட்கார்ந்துகொண்டாள். “இன்னிக்கு மேகம் இல்லை” என்று தினமும் வந்து சொல்வாள். நெற்றியில் வியர்வை ஆறாக ஓடும். ஒரு வார்த்தை வெயிலைக் குறை சொல்லமாட்டாள்.

ஆனி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலை. நாங்கள் ஸ்டேஷனில் நின்றிருந்தோம். மேற்கே மலை முழுக்க மறைந்துபோயிருந்தது. ரயில் வந்தது. கார்டு ஜன்னலில் யாரும் இல்லை. பெட்டிகளின் கூரை பளபளவென்று இருந்தது. ஓரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. ரயில் நின்ற பிறகு கார்டு இறங்கி எங்களிடம் நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “இன்னலெ ராத்திரி தொடங்ஙி” என்றார், நேற்றே தொடங்கிவிட்டது என்று.

“நீங்க என்ன செய்வீக, பாவம்” என்றாள் மதினி அவரிடம்.

சாரல் வந்தது. அருவி வந்தது. குற்றாலம் திருவிழாவாயிற்று. மெட்ராஸ்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் முன்னறையில் உட்கார்ந்து தைத்தோம். அருவிச் சத்தம் மிஷின் சத்தத்தை அமுக்கியது. வக்கீலம்மா முதல் நாள் குளிக்கப் போகவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் மதினிதான் அதட்டி அனுப்பினாள். “நீங்க குளிக்காம இருந்தா மட்டும் அங்கன மழை நின்னுருமா? போங்க, எண்ணெய் தேச்சிட்டுப் போங்க.”

ஆனி முடிகிற சமயம் ஒரு தபால் கார்டு வந்தது. அஸ்ஸாமில் ஏதோ முகாம் ஆஸ்பத்திரியிலிருந்து, இன்னொருவர் கையெழுத்தில். காய்ச்சலில் இருக்கிறார், எழுந்து நடக்க முடிந்ததும் வருவார் என்று நாலு வரி. மதினி அதை என்னை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு சமையற்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று வெளியில் நின்ற எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அண்ணாச்சி வந்தது ஆடியில், ஒரு மத்தியானம். அதை என் கணவர் சாகும் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சரக்கு ஆபீஸ் ஜன்னலில் அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாராம். வெளியிலிருந்து ஒரு குரல்.

“ஐயா, ரங்கூனுக்கு ஒரு மூட்டை அனுப்பணும். எடுப்பீகளா?”

இவர் தலை நிமிராமலே, “கடல் அடைச்சுக் கெடக்கு. ரங்கூனுக்கு ஒண்ணும் எடுக்கதில்ல” என்றிருக்கிறார்.

“அப்ப நான் நடந்தே கொண்டு போயிருதேன்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாராம். எலும்பின் மேல் ஒரு சட்டை. சட்டைக்குள் அத்தான்.

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் மதினி அடுப்படிக்கு ஓடினாள். வெந்நீர் வைத்து, மணையில் உட்காரவைத்து, இரண்டு காலையும் தன் மடியில் எடுத்துக் கழுவினாள். பாதங்களில் பிளவு பிளவாக இருந்தது. அட்டை கடித்த தழும்புகள் முழங்கால் வரைக்கும். கழுவி முடித்த கையோடு அளவு நாடாவை எடுத்து வந்தாள். அவருக்கு மாற்றுச் சட்டை இல்லை. மார்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தாள். எண்ணைப் பார்த்தாள். மறுபடி பிடித்தாள். மூன்றாவது தடவை பிடிக்கும்போது நாடா நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து அவள் கழுத்தில் போட்டு, “சாப்பாடு போட்டு அளவைச் சரி பண்ணிரு. அப்புறம் தைச்சுக்கலாம்” என்றார். அப்போது அழுதாள், தெருவுக்கே கேட்கும்படி.

அவர் வழியைப் பற்றி அதிகம் பேசவில்லை. பல நாள் கழித்து, சாப்பிடும்போது, தானாகவே ஒன்று சொன்னார். அஸ்ஸாமுக்கு ஒரு வார நடை இருக்கையில் மேலே மலையில் மழை தொடங்கிவிட்டதாம். ஒருநாள் சாயங்காலம், பாதையோரத்தில் ஓர் ஓடை. வற்றிக் கிடந்தது, நல்ல வெள்ளை மணல். களைத்துப்போன ஜனம் முழுக்க அந்த மணலில் படுத்துவிட்டது. இவரும் படுத்தார். பக்கத்தில் கசிந்துகொண்டிருந்த தண்ணீர் கொஞ்சம் கலங்கியது. அதில் பச்சை இலையும் சருகும் மிதந்து வந்தன.

“நம்ம அருவியில பாத்ததுதானே. இலை வந்தா பின்னாலயே வெள்ளம் வரும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எந்திச்சு எல்லாரையும் மேட்டுக்கு ஏறச் சொல்லிக் கத்துனேன். பைத்தியக்காரன்னு நெனச்சாக. கையில கெடச்ச பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஏறுனேன். பிள்ளையத் தூக்கவும் தாய்மாரு பின்னாலேயே ஏறி வந்தாக.”

“எல்லாரும் வந்துட்டாகளா?” என்று கேட்டுவிட்டேன்.

“எல்லாரும் வரல” என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

கடையத்துக்காரர் செய்தி கேட்டு ஓடிவந்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கட்டிப்பிடித்த கை விலகுவதற்குள் சண்டையும் ஆரம்பமாயிற்று. கடல் வழிதான் சரி என்று ஒருவர்; நீ தப்பியது அதிர்ஷ்டம், கணக்குப்படி மலைதான் சரி என்று மற்றவர். ஜப்பானியக் கப்பல், அந்தமான், கொழும்பு என்று அண்ணாச்சி அடுக்க, என் கணவர் ஆவலோடு புளியங்கொட்டை எடுக்கப் போனார். மதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெற்றிலை மடித்தாள்.

அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் கிணற்றடியில் இருந்தபோது மெதுவாகச் சொன்னாள். “கப்பலு, கொழும்பு எல்லாம் சும்மா ஏட்டி. அவுகளுக்குக் கப்பல்ல ஏறுனாக் கொடல் வெளிய வந்துரும். பத்து வருசமா பாக்கேன், ரங்கூனு போற நாலு நாளும் தலை தூக்க மாட்டாக. அதுக்குப் பயந்துக்கிட்டு அஸ்ஸாமு வரைக்கும் நடந்திருக்காக.”

“உண்மையாவா மதினி?”

“நேத்து என்கிட்ட ஒத்துக்கிட்டாக. வெளிய சொல்லீராத.”

நாங்கள் சிரித்த சிரிப்பில் வாளி கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. அதை எடுக்க அண்ணாச்சியே பாதாளக் கரண்டியோடு வந்து, என்ன சிரிப்பு என்று கேட்டார். அவரிடம் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். அவர்கள் யாரும் இப்போது இல்லை.

மெட்ராஸ்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். வக்கீலம்மா கிளம்பும்போது அந்தச் சிவப்புத் துணியை மதினிக்கே கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணாச்சி குற்றாலத்தில் எண்ணெய், சீயக்காய், துண்டு விற்கிற ஒரு சின்னக் கடை போட்டார். எங்கள் ரயில் பாதையில் கொல்லம் போய் அங்கிருந்து படகில் கொச்சித் துறைமுகம் சேர பட்டாளத்துச் சரக்குகள் போய்க்கொண்டே இருந்தன. கிழக்குக் கடல் ஆபத்தானதால் மேற்குக் கரைத் துறைமுகத்துக்கு வந்த மவுசு அது என்பார் என் கணவர். திருவிதாங்கூரிலிருந்து மரவள்ளிக் கிழங்கு மூட்டை மூட்டையாக இறங்கியது. நாங்களும் அதைத் தின்னப் பழகினோம். மதினி அதை அவித்து, தேங்காய்ப்பால் ஊற்றி, மேலே பொரித்த பூண்டைத் தூவித் தருவாள்.

யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் கடையத்துக்காரர் ரங்கூனுக்குப் புறப்பட்டார். கூட வரச் சொல்லி எவ்வளவோ கூப்பிட்டார். அண்ணாச்சி மறுத்துவிட்டார். மதினிக்குப் போக ஆசை இருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரியும். அங்கே அவளுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பர்மாக்காரி, பத்து வருஷச் சிநேகிதி. ஓடிவந்த அன்று வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டு வந்தாளாம். உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ என்று சொல்லிக்கொண்டே, பர்மாக்காரிகள் போடுகிற மாதிரி ஒரு வெள்ளைச் சட்டையை நினைவிலிருந்தே வெட்டித் தைத்துக் கடையத்துக்காரரிடம் கொடுத்தாள்.

ஆறு மாதம் கழித்துக் கடையத்துக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. நான்தான் படித்தேன். தெருவில் பாதி எரிந்துபோயிருந்தது, ஆனால் அந்த அம்மாள் இருக்கிறாள். சட்டையைப் பார்த்ததும் வாங்கி அப்போதே போட்டுக்கொண்டாள். உடம்புக்குச் சரியாக இருந்தது. கை மட்டும் நீளம், மடித்துவிட்டுக்கொண்டாள் என்று எழுதியிருந்தார்.

மதினி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வரி இருந்த இடத்தைக் காட்டச் சொல்லி உற்றுப் பார்த்தாள்.

“நீளம் இருக்கவே இருக்காது” என்றாள். “அவ எப்பவும் சட்டைக் கைய மடிச்சுத்தான் போடுவா.”